மூன்றாவது கட்டத்தில் ஞாபகசாமி

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் புத்தகம் அச்சுக்குப் போய்விடும், அவ்வளவுதான் விஷயம், இதற்குப் போய் மத்தியானச் சோற்றைக்கூட அளைந்து வைத்துவிட்டு இப்படி உட்கார்ந்திருக்கிறோமே என்று பூங்கோதை தன்னையே திட்டிக்கொண்டாள். கை என்னவோ மறுபடியும் கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு அந்தத் தாளைத்தான் இழுத்தது. ரசக் கிண்ணத்துக்கும் இருமல் மருந்துக்கும் நடுவில் கிடந்தது தாள். பதிப்பகத்துப் பெண் யாழினி அனுப்பியது. ஒரு காலத்தில் சாயங்காலப் பேப்பர் ஒன்றில் தினமும் வந்துகொண்டிருந்த மூன்று கட்டப் படக்கதை, பெயர் 'கம்பவுண்டர் ஞாபகசாமி', வரைந்தவர் ஓவியர் சுருள். பெயர்தான் ஞாபகசாமி, ஆசாமிக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது, அதுதான் தமாஷ். ஓவியர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகமாகப் போடுகிறார்கள். அதில் ஒரே ஒரு நாள் படத்துக்கு மட்டும் முழுப் பக்கம் கொடுத்து அடியில் ஒரு குறிப்பு சேர்த்திருந்தார்கள்: 'ஞாபகசாமிக்கு அசல், வடகரைப்பேட்டை தர்ம ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த தாமோதரன். இந்தச் சம்பவம் அவர் வாழ்க்கையில் உண்மையாகவே நடந்தது.' தாமோதரன் பூங்கோதையின் அப்பா. குறிப்பில் பேர் சரி, ஊர் சரி, ஆஸ்பத்திரி சரி, சம்பவம் மட்டும் நடக்கவே இல்லை. நடக்காததை நடந்ததாக ஓவியரிடம் போய்ச் சொன்னவள் பூங்கோதை, பாவாடை சட்டை போட்டுக்கொண்டு திரிந்த வயதில். அது இன்று வரைக்கும் ஈ காக்காய்க்குத் தெரியாது. தம்பி இளவழகனுக்குத் தெரியாது, செத்துப்போன அம்மாவுக்குத் தெரியாது. செத்துப்போன அப்பாவுக்கு? அங்கே வந்தால் மாட்டிக்கொள்ளும், எப்போதும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும், முள்ளில் பட்ட புடவை மாதிரி முன்னாலும் போகாது பின்னாலும் வராது. "பாத்துட்டு ஓகே சொல்லிடுங்கம்மா, சாயங்காலம் நானே கூப்பிடறேன்" என்றிருந்தாள் யாழினி. சரி என்றால் அப்பா புத்தகத்தில் என்றென்றைக்கும் மருந்து பாட்டிலில் தப்பு செய்த மனுஷனாக நிற்பார். இல்லை என்றால் இவள் நிற்க வேண்டும். அந்தக் குறிப்புக்கு விஷயம் கொடுத்தவனே தம்பிதான், அவனும் இன்றைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

படத்தையாவது ஒழுங்காகப் படிப்போம், வாழ்க்கையில் ஒரு தடவையாவது பயப்படாமல் படிப்போம் என்று முதல் கட்டத்துக்கு வந்தாள். மருந்து அறை. பின்னால் மரத்தட்டு, தட்டு நிறைய பாட்டில். ஞாபகசாமி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஏற்றினதையே மறந்துபோய், கண்ணை இடுக்கிக்கொண்டு மருந்து ஊற்றுகிறார். எதிரே வயிற்றைப் பிடித்தபடி ஒரு நோயாளி. பலூனுக்குள் இருக்கிற எழுத்தெல்லாம் சுருள் தன் கையாலேயே எழுதியது, லை, ளை எல்லாம் அந்தக் காலத்துத் தும்பிக்கை வைத்த எழுத்து: 'வேளைக்கு ஒரு அளவு. நான் ஒட்டினபடியே குடி!' இரண்டாவது கட்டத்தில் பாட்டில் மேல் அளவுக் காகிதத்தை ஒட்டுகிறார். அளவுக் காகிதம் என்றால் என்னம்மா என்று யாழினி கேட்டாளே, பாவம், அவளுக்கு எப்படித் தெரியும். அப்போதெல்லாம் தர்ம ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுபோக வேண்டும், பன்னீர் பாட்டில், பிராந்தி பாட்டில், எது அகப்பட்டதோ அது. கம்பவுண்டர் அதில் மிக்சர் ஊற்றுவார், மிக்சர் என்றால் கொறிக்கிற மிக்சர் இல்லை, சிவப்பாக ஒரு தண்ணி மருந்து, ஊற்றிவிட்டு பாட்டிலோடு நீளவாக்கில் ஒரு காகிதத் துண்டை ஒட்டிக் கொடுப்பார். காகிதத்தின் ஓரத்தில் பல் பல்லாக வெட்டியிருக்கும். ஒரு வேளைக்கு ஒரு பல், குடிக்கக் குடிக்க மருந்து பல் பல்லாகக் கீழே இறங்கும். படத்தில் அந்தக் காகிதத்தில் ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண் போட்டிருந்தது. எண் அத்தனையும் கவிழ்ந்து கிடந்தது. அதாவது ஞாபகசாமி காகிதத்தைத் தலைகீழாக ஒட்டிவிட்டார். மூன்றாவது கட்டத்தில் நோயாளி தன் வீட்டுச் சுவரோரமாகத் தலைகீழாக நிற்கிறான், வேட்டி நழுவிப் பட்டாபட்டி தெரிகிறது, அந்த நிலையிலேயே பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டிருக்கிறான், பெண்டாட்டி ஐயோ என்று கையை விரிக்கிறாள், அவன் சொல்கிறான்: 'கம்பவுண்டர் ஒட்டினபடிதாண்டி குடிக்கணும்!' சிரிப்பு வரத்தான் செய்கிறது, வந்து தொலைக்கிறது. ஜன்னலில் ஞாபகசாமி தலை மட்டும் தெரிகிறது. அவர் நோயாளியைப் பார்க்கவில்லை. நம்மைப் பார்க்கிறார். வாய்க்கு ஒரே ஒரு கோடு, நேர்கோடு. சிரிக்கிறாரா, திகைக்கிறாரா, ஐயோ இப்படி ஆகிவிட்டதே என்கிறாரா, அந்தக் கோட்டில் ஒன்றும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. யாரைப் பார்க்கிறீர்கள் அப்பா என்று பூங்கோதை வாய்விட்டே கேட்டுவிட்டாள், கேட்டுவிட்டுத் திரும்பி வாசலைப் பார்த்தாள், நல்லவேளை கதவு சாத்தித்தான் இருந்தது.

அடுப்பை அணைத்தோமா? எழுந்துபோய்ப் பார்த்தாள். அணைத்துத்தான் இருந்தது. இப்படித்தான் கொஞ்ச நாளாகவே, அணைத்ததை அணைத்தோமா என்று பார்ப்பதும், பூட்டினதை இழுத்துப் பார்ப்பதும், எல்லாம் அப்பாவின் புத்தி என்று தம்பி பெண்டாட்டி சிரிப்பாள். அப்பாவுக்கு மறதி இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது, இருந்ததுதான், வீட்டில் இருந்தது. கொத்தமல்லி வாங்கப் போனால் சாயங்காலப் பேப்பரோடு வருவார். இடது கால் தன் செருப்பு, வலது கால் பக்கத்து வீட்டுக்காரர் செருப்பு என்று கோயிலுக்குப் போய்விட்டு வருவார். ஒரு முறை தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம் என்று பக்கத்துத் தெரு மண்டபத்துக்குள் நுழைந்து, முன்பின் தெரியாத பிள்ளைக்கும் பெண்ணுக்கும் அட்சதை போட்டு, பந்தியில் உட்கார்ந்து பாயசம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தார். ஆனால் ஆஸ்பத்திரிக்குள் காலை வைத்தால் வேறு மனுஷன். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு மருந்து அறைக்குள் நிற்கிற அப்பாவைப் பார்த்தால் பூங்கோதைக்கே பயமாக இருக்கும், பேச்சுக் கொடுத்தால் உதட்டில் விரலை வைப்பார், ஒரு சொட்டு அதிகமானால் அதை எடுத்துக் கொட்டிவிட்டு முதலிலிருந்து அளப்பார். அந்த இரண்டாவது மனுஷனைப் பற்றி அவள் சுருள் மாமாவிடம் ஒன்றும் சொன்னதே இல்லை. சொல்ல என்ன இருக்கிறது, தப்பே செய்யாத மனுஷனை வைத்து என்ன தமாஷ் பண்ண முடியும்? சுருள் மாமா பக்கத்துப் போர்ஷனில் தனியாகக் குடியிருந்தார். பேர் ஆரோக்கியசாமியோ என்னவோ, சுருட்டை முடி, அதனால் சுருள். வீசிங் இருமல், அப்பா கையால்தான் மருந்து. ஸ்கூல் விட்டு வந்தால் அவர் பலகைக்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்வாள். "பாப்பா, இன்னைக்கு என்ன பண்ணாரு ஒங்கப்பா?" செருப்புக் கதையைச் சொன்னாள், பேப்பரில் வந்தது. கல்யாணக் கதையைச் சொன்னாள், வந்தது. அது எப்பேர்ப்பட்ட சந்தோஷம்! வாயால் சொன்னது கட்டம் கட்டி, மை பூசி, ஊர் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பது. பிற்பாடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஊரார் பேச்சையெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் கம்பியில் விட்டாளே, அந்த உத்தியோகத்தில்கூட அந்த மாதிரி ஒரு குறுகுறுப்பு கிடைத்ததில்லை. அப்பாவும் சிரித்தார், அதைச் சொல்ல வேண்டும். நம்ம சங்கதி எல்லாம் இந்த ஆளுக்கு எப்படித்தான் எட்டுதோ என்று சொல்லிக்கொண்டே இவள் தலையில் ஒரு தட்டு தட்டுவார். அந்தத் தட்டுக்கு என்ன அர்த்தம்? தெரிந்த தட்டா, தெரியாத தட்டா? சும்மா ஒரு தட்டு. எல்லா அப்பாவும் தட்டுகிற தட்டு.

பிறகு அப்பா ஒரு வாரமாக எதையும் மறக்கவில்லை. என்ன செய்வாள், ஒருவாரம் ஒரு மனுஷன் குடையைக்கூட ஒழுங்காக வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்னதான் செய்வாள்? சுருள் மாமா பிரஷ்ஷைத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டே, "என்ன பாப்பா, சரக்கு தீந்துபோச்சா? அப்ப ஞாபகசாமிக்கு ரிட்டயர்மெண்ட் குடுத்துட வேண்டியதுதான்" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். அவளுக்கோ, நாளையிலிருந்து தன்னை உட்கார் என்று சொல்ல மாட்டார், வேறு யார் வீட்டுப் பெண்ணையோ பாப்பா என்று கூப்பிடுவார் என்று தோன்றிவிட்டது. நேற்று ஆஸ்பத்திரியில் என்று ஆரம்பித்தாள். வார்த்தை தானாக வந்தது, யாரோ காதில் ஓதுகிற மாதிரி வந்தது. அப்பா அளவுக் காகிதத்தைத் தலைகீழாக ஒட்டிட்டாரு மாமா, வாங்கிட்டுப் போனவரு தலைகீழா நின்னு குடிச்சாராம். சுருள் மாமா பிரஷ்ஷை வைத்துவிட்டார். "நெசமாவா?" "சத்தியமா." அப்பா மேல சத்தியமா என்று சொல்லவில்லை, வெறும் சத்தியமா, அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனை வருஷம் தூங்கியிருக்கிறாள்! அப்பா மேல் வைத்துச் சொன்னால்தானே பாவம், வெறும் சத்தியம் காற்றோடு போய்விடும், ஸ்கூலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சட்டம் அது. இவ்வளவு விவரமாகக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவளுக்கு, அப்பா மருந்து கொடுக்கிற மனுஷன், மருந்தில் தப்பு என்றால் அது கொத்தமல்லியை மறந்த தப்பு இல்லை என்று தெரியாமலா போனது? தெரிந்திருந்தது. இல்லை, தெரியவில்லை. சிரிப்பு வருமா வராதா, அது ஒன்றுதான் அந்த நிமிஷத்தில் தெரிந்தது.

பேப்பரை அப்பாதான் வாங்கிவந்தார். நடையில் நின்றபடியே பிரித்தார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பூங்கோதை தூணுக்குப் பின்னால் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அப்பாவின் வாயைப் பார்த்தாள். எப்போதும் அந்தப் பக்கத்துக்கு வந்ததும் வாய் கோணும், பிறகு சிரிப்பு. அன்றைக்குக் கோணவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார், மூன்று கட்டத்தைப் பார்க்க அவ்வளவு நேரம் எதற்கு? பேப்பரைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார். பிறகு, "ஏன்டி, நான் எப்ப இப்படிப் பண்ணேன்?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு என்னைக்குத்தான் எது ஞாபகம் இருந்திச்சு, பண்ணியிருப்பீங்க" என்று முறத்தைத் தட்டினாள். அப்பா பேப்பரை நாலாக மடித்தார். மடித்துக்கொண்டே தூணைப் பார்த்தார், தூணுக்குப் பின்னால் இருந்தவளைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் இல்லை. வாய் ஒரே கோடாக இருந்தது. "அதுவும் சரிதான்" என்றார். அவ்வளவுதான். இல்லப்பா, நான்தான் சொன்னேன், சும்மா சொன்னேன் என்று ஒரு வாக்கியம், அது அப்போது அவள் தொண்டையில்தான் நின்றது, இன்றைக்கும் அங்கேயே நிற்கிறது, இருமல் மருந்துக்கெல்லாம் அது கரைகிற ஜாதி இல்லை. அப்போது பாடப் புத்தகத்தைப் பார்த்து உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரியில், கம்பவுண்டரே, எந்தப் பக்கமா நின்னு குடிக்கணும் என்று கேட்காத ஆள் இல்லை. முதலில் விளையாட்டாகத்தான் கேட்டார்கள். பிறகு ஒருத்தி பாட்டிலை வாங்கிக்கொண்டு நிஜமாகவே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இன்னொருத்தி, பிள்ளைக்குக் கொடுக்கிற மருந்து, நான் வெளியில் வாங்கிக்கிறேன் என்று காலிப் பாட்டிலோடு திரும்பிப் போனாள். ஆஸ்பத்திரியை நடத்தியது வியாபாரிகள் சங்கம், அதில் ஒரு பெரிய மனுஷர் பேப்பரைக் கையோடு கொண்டுவந்து டாக்டர் மேஜையில் போட்டார். பேப்பர்லயே வந்திருச்சே, பொய்யா போடுவான்? அப்பாவைக் கூப்பிட்டார்கள். அந்த அறையில் நடந்ததை ஆஸ்பத்திரி ஆயா செபஸ்தியம்மா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள், பூங்கோதை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தாள். "இப்படி ஒட்டினியாய்யான்னு கேக்குறாரு டாக்டரு. இல்லைன்னா யாரு இந்தப் படக்காரனுக்குச் சொன்னது, கூப்புடு அவன, விசாரிப்போம்ங்கிறாரு அந்தப் பெரியவரு. இந்த மனுஷன் தலைய நிமித்தி, இருக்கலாம் சார், நான் ஒட்டியிருக்கலாம் சார்ங்கிறாருக்கா! எனக்குப் பத்திக்கிட்டு வந்திச்சு. நான் பாக்காத மனுஷனா? அப்படி ஒட்டுற கையா அது?" இருக்கலாம் சார். அந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகு வெள்ளைக் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு வாசலில் சீட்டு எழுதுகிற பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். பேர் என்ன, வயசு என்ன, என்ன சங்கடம், அடுத்த ஆளு வா. ரிட்டயர் ஆகும்வரை அதுதான். சுருள் மாமாவுக்கு விஷயம் எட்டி அவர் ஓடோடி வந்தார், வாசலில் நின்று கையைப் பிசைந்தார், கண் இவளைத் தேடியது, இவள் கொல்லையில் ஒளிந்துகொண்டாள். அப்பா அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். "தமாஷ்தானேங்க, விடுங்க, இருமல் எப்படி இருக்கு?" என்று கேட்டது கொல்லை வரைக்கும் கேட்டது.

இதில் பூங்கோதையைத் தின்றது எது என்றால், வெள்ளைக் கோட்டு போனதுகூட இல்லை, பெஞ்சுகூட இல்லை. அப்பா நம்பிவிட்டாரா என்பதுதான். தன் கை செய்யாத தப்பைத் தன் கை செய்தது என்று ஒரு மனுஷன் நம்ப ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அவனுக்கு எது நிச்சயம்? அதற்குப் பிறகுதான் வேட்டி முனையில் முடிச்சுப் போட ஆரம்பித்தார், எதற்குப் போட்டோம் என்று தெரியாமல் முடிச்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பிவந்து மறுபடி இழுப்பார். நான்தான் அதைச் செய்தேன், அந்த மண்டைக்குள் கையை விட்டு எதையோ கழற்றிப் போட்டுவிட்டேன் என்று அவளுக்குத் தோன்றும், கல்யாணப் பந்தலில் தோன்றியது, பிரசவ வலியில் தோன்றியது, அப்பாவுக்கு வாய்க்கரிசி போடும்போது தோன்றியது. நம்பவில்லை என்று வைத்துக்கொள்வோம், தெரிந்தேதான் ஒப்புக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம், அது இன்னும் மோசம் இல்லையா? அதை மனசு கிட்டேயே சேர்க்காது, சூடான வாணலியைத் தொட்ட கை மாதிரி இழுத்துக்கொள்ளும். தம்பிக்கு இந்த உபத்திரவம் ஒன்றும் இல்லை. அவனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பா பெஞ்சு அப்பாதான், மறதிக்கார அப்பாதான், எங்கப்பாதாங்க ஞாபகசாமி என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். போன் அடித்தது, யாழினிதானோ என்று எடுத்தாள், இல்லை, அவன்தான். "அக்கா, ஆட்டோ ஏறிட்டேன். அந்தப் பொண்ணுக்குச் சொல்லிட்டியா?" "இல்லடா." "என்னக்கா இது! பாக்குறதுக்கு என்ன இருக்கு அதுல, மூணு கட்டம். ஓகே ஓகேன்னு சொல்லிட்டுப் போவியா... அப்பா பேரு புஸ்தகத்துல வருதுக்கா, சும்மாவா." "சரி வா, பேசிக்கலாம்" என்று வைத்தாள். சரி என்றே சொல்லிவிடலாம். யாருக்கு என்ன நஷ்டம்? அப்பா இல்லை, டாக்டர் இல்லை, சுருள் மாமா இல்லை, செபஸ்தியம்மா எப்போதோ கல்லறைக்குப் போயாயிற்று. படிக்கிறவன் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவான். சிரிக்கத்தானே போட்டது! இளவழகன் முகம் வாடாமல் இருக்கும், புத்தகத்தைப் பேரன் பேத்திக்குக் காட்டுவான். ஒரு வார்த்தை, சரி. சொல்லிப் பார்த்தாள். சரி. வாய்க்குள் ரசம் புளித்துக்கொண்டு வந்தது.

இருமல் வந்தது. மருந்தை எடுத்தாள். இப்போதெல்லாம் மூடிக்கு மேலேயே பிளாஸ்டிக் கிண்ணம், அதில் கோடு கோடாக அளவு, காகிதத்துக்கு வேலை இல்லை. காகிதம் வெட்டுகிற வேலை அப்போது வீட்டில்தான் நடக்கும், சாயங்காலம் அப்பா வெள்ளைத் தாளை நீள நீளமாகக் கிழித்துக் கொண்டுவருவார், மடித்து வெட்டுவது பூங்கோதை, நாளைக்கு வேண்டிய கட்டு அவள் மடியிலேயே தயாராகிவிடும். சுருள் மாமாவிடம் போய்ச் சொன்ன அந்த வாரம்கூட வெட்டினாள். மருந்தை விழுங்கிவிட்டு, சும்மா, கைக்கு வேலை வேண்டும் என்று, பால் பாக்கெட் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து யாழினி அனுப்பிய தாளின் வெள்ளை ஓரத்தை நீளமாக வெட்டினாள். விரல் மறக்கவில்லை. பாதியாக ஒரு மடிப்பு, அதில் பாதியாக இன்னொரு மடிப்பு, நகத்தால் ஒரு தேய்ப்பு. மேல் முனையில் இந்தப் பக்கம் ஒரு கத்தரிப்பு, அந்தப் பக்கம் ஒரு கத்தரிப்பு. கீழ் முனையிலும் அதே. பிரித்தால் பல் பல்லாக, நாலு வேளைக்கான காகிதம். அழகாகத்தான் வந்திருந்தது. அதை இருமல் பாட்டிலோடு சேர்த்துப் பிடித்தாள். அப்பா எண் போட மாட்டார். எண் போட்டால் மை கரைந்துவிடும், எண் படிக்கத் தெரிந்தவர்களா வருகிறார்கள், பல்லைத் தடவிப் பார்த்தால் குருடருக்குக்கூட அளவு தெரிய வேண்டும் என்பார். எண் சுருள் மாமா போட்டது. எண்ணைக் கவிழ்க்காவிட்டால் தலைகீழ் என்று படத்தில் எப்படிக் காட்டுவது? பூங்கோதை காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். பார்த்தாள். மறுபடியும் திருப்பினாள். மேலே இருந்தது கீழே வந்தது, கீழே இருந்தது மேலே போனது, பல்லுக்குப் பல் அதே இடத்தில் நின்றது.

இதற்குத் தலை ஏது? மடித்து வெட்டின காகிதத்துக்குத் தலை ஏது, கால் ஏது? எப்படி ஒட்டினாலும் நேர்தான். இதைத் தலைகீழாக ஒட்ட அப்பாவால் முடியாது, யாராலும் முடியாது, மறதியின் உச்சத்தில் இருக்கிற ஞாபகசாமியாலும் முடியாது. ஆயிரக்கணக்கில் மடியில் வைத்து வெட்டினாளே, கழுதை, ஒரு நாளாவது தோன்றியதா? பொய் சொன்னபோது தோன்றவில்லை, அழுதபோது தோன்றவில்லை, இத்தனை வருஷம் புழுங்கிப் புழுங்கிச் செத்தபோதும் தோன்றவில்லை. டாக்டருக்குத் தெரியாது, அவர் எழுதித்தான் கொடுப்பார், ஒட்டமாட்டார். பெரிய மனுஷருக்குத் தெரியாது. ஆனால் நாள் முழுக்க அதை ஒட்டிக்கொண்டே இருந்த மனுஷனுக்குத் தெரியாமல் இருக்குமா? நடையில் நின்று பேப்பரைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாரே, அந்த எண்ணைத்தான் பார்த்திருக்கிறார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும், இது நடக்கவில்லை, நடக்கவே முடியாது, இது யாரோ கட்டிவிட்ட கதை, வீட்டுச் சங்கதியெல்லாம் அந்த வீட்டுக்குக் கொண்டுபோவது யார் என்றும் தெரியும். அப்புறம்தான் தூணைப் பார்த்தார். சட்டைப் பையில் எப்போதும் ரெண்டு துண்டு கிடக்குமே, டாக்டர் மேஜையில் ஒன்றை எடுத்துப் போட்டுத் திருப்பிக் காட்டியிருந்தால் முடிந்தது விஷயம். காட்டியிருந்தால் அடுத்த கேள்வி, அப்ப யாரு சொன்னது, கூப்பிடு அந்தப் படக்காரனை. சுருள் மாமா வந்து, உங்க பொண்ணுதாங்க சத்தியம் பண்ணிச்சு என்பார். அது வரக்கூடாது என்று இருக்கலாம் சார் என்றார். அப்பா நம்பவே இல்லை. அவர் மண்டையில் எதுவும் கழன்றுபோகவில்லை, தெளிவாக இருந்தார், அத்தனை தெளிவாக இருந்துகொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அப்படியானால் அந்த முடிச்சுகள்? பூட்டை இழுத்தது? நிஜமா, இல்லை ஒப்புக்கொண்டதற்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று கடைசி வரைக்கும்... ஐயோ என்று பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டாள். இதைவிட அவர் நம்பியே தொலைத்திருக்கலாம். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, நிறுத்தவில்லை, அழுதாள். தாளில் மூன்றாவது கட்டத்தில் ஜன்னல் வழியாக அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னக்கா, கதவு தொறந்து போட்டிருக்கு?" என்று செருப்பைக் கழற்றியபடியே உள்ளே வந்தான் இளவழகன். கதவை எப்போது திறந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும், "அழுதியா? என்னாச்சு, ஒடம்புக்கு என்ன?" என்று பதறிப்போய் நின்றான். தலை நரைத்து, அப்பாவின் அதே காது. ஒன்றுமில்லை உட்கார் என்றாள். காகிதத் துண்டை அவன் கையில் வைத்தாள், இருமல் பாட்டிலை எதிரே நகர்த்தினாள். "இதத் தலைகீழா ஒட்டிக் காமி பாப்போம்." "என்னது, படத்துல வர்ற மாதிரியா?" என்று சிரித்தான். காகிதத்தைப் பாட்டிலோடு வைத்தான். திருப்பி வைத்தான். மறுபடியும் திருப்பினான். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "ரெண்டும் ஒண்ணுதானக்கா. எப்படி வெச்சாலும் ஒரே மாதிரிதான் இருக்கு." "அப்பா ஒட்டினதும் இப்படித்தான். அவரு நம்பர் போடமாட்டாரு." அவன் தாளில் இருந்த படத்தைப் பார்த்தான், கையில் இருந்ததைப் பார்த்தான். "அப்ப இது நடந்திருக்கவே முடியாதே? அம்மா சொல்லுமே, அப்புறம் ஏன்க்கா அப்பா டாக்டருகிட்ட, நான் ஒட்டியிருக்கலாம் சார்னாரு?"

அவள் வாயைத் திறந்தாள். மேஜை மேல் போன் அடித்தது. இந்த முறை யாழினிதான். எடுத்தாள், எடுத்துவிட்டுத் தம்பியையே பார்த்துக்கொண்டு பேசினாள். "பூங்கோதை பேசறேம்மா. பாத்தேன். அடியில ரெண்டு வரி போட்டிருக்கீங்கள்ல, அந்த ரெண்டாவது வரிய அடிச்சிடும்மா. அது நடக்கல. இல்லம்மா, நல்லாத் தெரியும். அந்தக் கதைய அந்த ஓவியருகிட்டக் கட்டிவிட்டது நான். சின்னப் பொண்ணு, ஆமா. எங்கப்பா அப்படி ஒட்டவே இல்ல." அந்தப் பக்கம் யாழினி ஏதோ கேட்டாள். பூங்கோதையின் தொண்டையில் நின்றிருந்த வாக்கியம் நகர்ந்துவிட்டது, வந்துவிட்டது. "தெரியும்மா" என்றாள். "அவருக்கு அன்னைக்கே தெரியும். நான்தான்னு தெரியும்."

இளவழகன் அக்காவைப் பார்க்கவில்லை. கையில் இருந்த காகிதத்தை மெதுவாக இன்னொரு முறை திருப்பிப் பார்த்தான்.